கணித வகுப்பில் மீத்திறன் மாணவர்கள்: ஹங்கேரிய மரபு காட்டும் வழி

கணித வகுப்பில் மிகுதியும் கவனிப்பின்றி விடப்படும் மாணவர் யார் என்று கேட்டால், பாடத்தைப் பின்தொடர முடியாமல் தடுமாறும் மாணவரே என்பதுதான் பெரும்பாலோரின் விடையாக இருக்கும். அமெரிக்காவின் தேசிய கணித ஆசிரியர் பேரவை 1980-இல் வெளியிட்ட செயல்திட்ட அறிக்கையோ இதற்கு நேர்மாறான கருத்தைத் தெரிவித்தது. ஒருவரால் எட்டக்கூடிய உயரத்தையும் அவர் உண்மையில் எட்டிய உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், கணிதத்தில் மீத்திறன் உடைய மாணவரே மிகவும் புறக்கணிக்கப்பட்டவர் என்று அது குறிப்பிட்டது. தேர்வில் முழு மதிப்பெண் பெறும் ஒருவருக்குக் குறை இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை என்பதால், இந்தப் புறக்கணிப்பு ஆசிரியரின் கண்ணிலும் பெற்றோரின் கண்ணிலும் படாமலே போகிறது. கரும்பலகையில் எழுதிய கணக்கைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு, வகுப்பின் எஞ்சிய நேரம் முழுவதும் காத்திருப்பதையே பழக்கமாக்கிக்கொள்ளும் மாணவர், கணிதம் என்பது முயற்சி தேவைப்படாத ஒரு வேலை என்ற பிழையான பாடத்தை ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொள்கிறார். பின்னர் உயர்கல்வியில் உண்மையிலேயே கடினமான கணிதத்தை எதிர்கொள்ளும்போது, தடுமாற்றத்தைத் தாங்கி நின்று சிந்திக்கும் பயிற்சி இல்லாத காரணத்தால் தம் திறமையையே ஐயுறத் தொடங்குகிறார்.

இத்தகைய மாணவர்களுக்கு வேண்டியது விரைவான பாடமோ கூடுதலான பயிற்சிக் கணக்குகளோ அல்ல. எளிதில் வசப்படாத நல்ல கணக்குகளும், அவற்றைத் தீர்க்கப் போதிய நேரமும், தீர்வைப் பொறுமையாகப் படித்துப் பதிலளிக்கும் ஓர் ஆசிரியருமே அவர்களின் முதல் தேவை என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து. இதற்கான வலுவான சான்று ஹங்கேரியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இன்றுவரை தொடரும் பள்ளிக் கணித மரபில் கிடைக்கிறது.

மீத்திறன் என்பதன் இயல்பு

கணித மீத்திறன் எதில் அடங்கியுள்ளது என்பதை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் சோவியத் உளவியலாளர் வாதிம் க்ருதெத்ஸ்கி. பள்ளி மாணவர்கள் கணக்குகளைத் தீர்க்கும்போது வாய்விட்டுச் சிந்திக்கச் செய்து, அச்சிந்தனையின் போக்கைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து, அவர் எழுதிய நூல் 1968-இல் ரஷ்ய மொழியிலும் 1976-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. திறன்மிக்க மாணவர் ஒரு கணக்கைப் படித்தவுடனேயே எண்களையும் விவரங்களையும் கடந்து அதன் அமைப்பைக் காண்கிறார் என்பதும், ஒரே ஓர் எடுத்துக்காட்டிலிருந்து பொது விதியை உய்த்துணர்கிறார் என்பதும், தெரிந்த வழி பயன்படாதபோது எளிதாக வேறு வழிக்கு மாறுகிறார் என்பதும், ஒரு சிந்தனைத் தொடரைத் தலைகீழாகத் திருப்பி முடிவிலிருந்து தொடக்கத்திற்குச் செல்ல வல்லவர் என்பதும், விடை கிடைத்த பிறகும் அதைவிட எளிய, தெளிவான தீர்வைத் தேடுகிறார் என்பதும் அவருடைய முடிவுகள்.

இவற்றைவிட முக்கியமானது, கணித மீத்திறனுக்கு இன்றியமையாதவை அல்ல என்று அவர் ஒதுக்கியவற்றின் பட்டியல். விரைவாகச் சிந்திப்பது, மனக்கணக்கில் தேர்ச்சி, எண்களையும் வாய்பாடுகளையும் மனப்பாடமாக வைத்திருப்பது ஆகியவை பயனுள்ளவையே என்றாலும், அவை இல்லாமலும் ஒருவர் சிறந்த கணிதத் திறன் உடையவராக இருக்கலாம் என்று அவர் கண்டார். பள்ளிகள் பெரும்பாலும் இப்பட்டியலில் உள்ளவற்றைக் கொண்டே மீத்திறனை அடையாளம் காண்கின்றன. முதலில் கை தூக்குபவரும் வாய்பாட்டைப் பிசகாமல் ஒப்பிப்பவரும் திறமைசாலிகளாகக் கருதப்பட, ஒரே கணக்கை நெடுநேரம் எண்ணிக்கொண்டிருப்பவர் மந்தமானவர் என்று ஒதுக்கப்படுகிறார். கணக்கின் உள்ளமைப்பைத் தேடுவதே அவருடைய தாமதத்திற்குக் காரணமாக இருக்கக்கூடும். ஆகவே யாருக்கு மீத்திறன் இருக்கிறது என்று முன்கூட்டியே தேர்வு வைத்துப் பிரித்துவிட்டு அவர்களுக்கு மட்டும் நல்ல கணக்குகளைத் தருவதைவிட, நல்ல கணக்குகளை எல்லோருக்கும் தந்து, யார் அவற்றில் ஆழ்ந்து போகிறார்கள் என்று கவனிப்பதே நம்பகமான வழி.

1894-இல் தொடங்கிய இதழ்

ஹங்கேரியின் கியோர் நகரில் ஆசிரியராக இருந்த தானியல் அரனி 1894-இல் பள்ளி மாணவர்களுக்கான கணித இதழ் ஒன்றைத் தொடங்கினார். கோமல் என்ற சுருக்கப் பெயரால் இன்று அறியப்படும் அவ்விதழின் நடைமுறை எளிமையானது. ஒவ்வொரு மாதமும் சில கணக்குகள் வெளியாகும். நாட்டின் எந்த மூலையில் இருக்கும் மாணவரும் அவற்றுக்குத் தீர்வெழுதி அஞ்சலில் அனுப்பலாம். வந்த தீர்வுகளுள் சிறந்தவை எழுதியவரின் பெயரோடு அச்சாகும். மிகச் சிறந்த தீர்வாளர்களின் ஒளிப்படங்களை வெளியிடும் வழக்கமும் பின்னர் ஏற்பட்டது. இந்த எளிய நடைமுறைக்குள் மூன்று ஆழ்ந்த கல்விக் கொள்கைகள் அடங்கியிருந்தன. கணக்குக்கு ஒரு மணி நேரம் அல்ல, சில வாரங்கள் கிடைத்தன. விடை மட்டும் போதாது, முழு நிரூபணமும் எழுத வேண்டியிருந்தது. தம்மைப் போலவே சிந்திக்கும் வேறு மாணவர்கள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள் என்பதைத் தனித்திருக்கும் ஒரு சிற்றூர் மாணவர் மாதந்தோறும் அறிந்தார். தம் தீர்வைவிட நேர்த்தியான ஒன்றைத் தம் வயதுள்ள ஒருவர் கண்டுபிடித்திருப்பதைப் பார்த்து, கணிதத்தில் அழகு என்பது என்ன என்பதையும் கற்றார்.

அதே 1894-இல் ஹங்கேரியின் கணித, இயற்பியல் கழகம், அப்போது கல்வி அமைச்சராகப் பொறுப்பேற்ற இயற்பியலாளர் லோரான்ட் ஒத்வோஷின் பெயரால், பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களுக்குப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. பல வினாக்களை விரைந்து முடிக்கும் திறனைச் சோதிக்காமல், மூன்றே கணக்குகளைக் கொடுத்துப் பல மணி நேரம் சிந்திக்கவைத்த போட்டி அது. லிபோட் பெயேர், தியோடர் வான் கார்மன், காபோர் செகோ, எட்வர்ட் டெல்லர் ஆகியோர் மாணவப் பருவத்தில் இதில் பரிசு பெற்றவர்கள்.

கோமல் இதழை 1896 முதல் 1914 வரை நடத்திய லாஸ்லோ ராட்ஸ், புதாபெஸ்டின் லூதரன் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். அவரிடம் படித்தவர்களுள் ஒருவர், 1963-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற யூஜின் விக்னர்; மற்றொருவர், 20-ஆம் நூற்றாண்டுக் கணிதத்தின் பெரும் ஆளுமைகளுள் ஒருவரான ஜான் வான் நாய்மன். வான் நாய்மனின் திறமையை உணர்ந்துகொண்ட ராட்ஸ், சிறுவனின் தந்தையைச் சந்தித்து, பள்ளிக் கணிதத்தை மட்டும் கற்பிப்பது இவனுக்குப் போதாது என்று கூறிப் பல்கலைக்கழகக் கணிதர்களிடம் தனியே பயில ஏற்பாடு செய்தார். ஆயினும் சிறுவன் தன் வயதொத்தோருடன் அதே வகுப்பிலேயே தொடர்ந்து படித்தான். பள்ளிப் பருவத்தின் இறுதியில் மைக்கேல் பெகெத்தேயுடன் சேர்ந்து அவன் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1922-இல் வெளியாயிற்று. தம்மால் இயன்றது எது, தம்மைவிடச் சிறப்பாக வேறொருவரால் கற்பிக்க முடிவது எது என்ற எல்லையை நேர்மையாக உணர்ந்து, மாணவரை உரியவரிடம் சேர்ப்பித்தது ராட்ஸின் பெருமை.

எல்லோருக்குமான வகுப்பும் கண்டறியும் முறையும்

திறன்மிக்க சிலரோடு இம்மரபு நின்றுவிடவில்லை. தமாஷ் வர்கா என்ற கணிதக் கல்வியாளர் 1963 முதல் தொடக்கப் பள்ளிகளில் நடத்திய சோதனைகளின் வழியே உருவாக்கிய பாடத்திட்டம் 1978-இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டுகள், கையில் எடுத்து அடுக்கும் பொருள்கள், நிகழ்தகவுச் சோதனைகள் ஆகியவற்றின் வழியாகக் குழந்தைகள் தாமே விதிகளைக் கண்டறியவும், தவறான ஊகத்தைச் சொல்வதற்கு அஞ்சாமல் விவாதிக்கவும் அது இடமளித்தது. பின்தங்கிய மாணவர், முன்னேறிய மாணவர் ஆகிய இருவரும் ஒரே பொருளைக் கொண்டு வெவ்வேறு ஆழங்களில் பணியாற்றுவதே அவ்வகுப்பின் அமைப்பு.

இந்த மரபின் தனித்தன்மையை விளக்க லாயோஷ் போஷாவின் வாழ்க்கையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. கணிதர் ரோஸா பேட்டர் சொன்னதைக் கேட்டு, 1959-இல் 12 வயதுகூட நிரம்பாத போஷாவைச் சந்தித்த கணிதர் பால் எர்தோஷ், மதிய உணவின்போது அவரிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார். 1 முதல் 2n வரையுள்ள எண்களிலிருந்து n+1 எண்களை எப்படித் தேர்ந்தெடுத்தாலும், அவற்றுள் இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இருக்காது என்று காட்ட வேண்டும். சூப்பைக் குடித்துக்கொண்டே சிறிது நேரம் எண்ணிய சிறுவன், அவற்றுள் இரண்டு எண்கள் அடுத்தடுத்தவையாக இருக்கும் என்று சொன்னான். அதுவே முழு நிரூபணம். எண்களை (1, 2), (3, 4) என n இணைகளாகப் பிரித்தால், n+1 எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஏதேனும் ஓர் இணையின் இரண்டு எண்களும் சிக்கியே தீரும். அடுத்தடுத்த இரு எண்களுக்கு 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இருக்க முடியாது. கோட்டுருக்களில் எல்லா முனைகளையும் ஒருமுறை மட்டுமே தொட்டுத் திரும்பும் சுற்றுப்பாதை பற்றிய அவருடைய தேற்றம் 1962-இல், பள்ளி மாணவராக இருக்கும்போதே வெளியாயிற்று. அதே ஆண்டில் புதாபெஸ்டின் பசேகாஷ் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய சிறப்புக் கணித வகுப்பில் அவர் பயின்றார். 2021-இல் ஆபெல் பரிசு பெற்ற லாஸ்லோ லோவாஸும் அவ்வகுப்பின் மாணவர்.

போஷா தம் வாழ்வின் பெரும்பகுதியை ஆய்வுக்குப் பதிலாகக் கற்பித்தலுக்கே அளித்தார். 1988 முதல் அவர் நடத்திவந்த வார இறுதிக் கணித முகாம்களில் விரிவுரைக்கு இடமில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் கணக்குகள் மாணவர்களுக்கு வழங்கப்படுகின்றன. முந்தைய கணக்கில் கண்ட கருத்து அடுத்த கணக்கில் வேறு வடிவத்தில் தேவைப்படும். இத்தகைய பல இழைகள் ஒரே முகாமில் பின்னிப் பிணைந்து செல்லும். மாணவர்கள் சிறு குழுக்களாகச் சிந்திக்கிறார்கள்; தேற்றத்தின் கூற்றையேகூட அவர்களே ஊகித்துக் கண்டறிகிறார்கள். விடையைச் சொல்லிவிடும் ஆசிரியர், மாணவருக்குக் கிடைக்கவிருந்த கண்டுபிடிப்பின் மகிழ்ச்சியைப் பறித்துவிடுகிறார் என்பதே இம்முறையின் அடிப்படை உணர்வு.

மாஸ்கோவில் நிக்கொலாய் கொன்ஸ்தந்தினோவ் உருவாக்கிய முறையும் இதற்கு நெருங்கியது. மாணவருக்குக் கணக்குத் தாள்கள் வழங்கப்படும்; அவர் தம் வேகத்தில் ஒவ்வொன்றாகத் தீர்த்து, வகுப்பில் உதவிக்கு இருக்கும் பல்கலைக்கழக மாணவர்களுள் ஒருவரிடம் நேரில் விளக்க வேண்டும். நிரூபணத்தில் ஓட்டை இருந்தால் அங்கேயே கேள்வி எழும். மாணவர் திரும்பிச் சென்று சரிசெய்வார். எழுதிய தாளைத் திருத்தி மதிப்பெண் இடுவதற்கும், எதிரில் அமர்ந்து ஏன் என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இம்முறையில் தெளிவாக வெளிப்படுகிறது.

விரைவுபடுத்தலின் இடம்

மேல்வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே கற்பிப்பது விரைவுபடுத்தல் எனவும், அதே வகுப்பின் பொருளை அகலமாகவும் ஆழமாகவும் கற்பிப்பது வளப்படுத்தல் எனவும் கல்வியியலில் வழங்கப்படுகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1971-இல் ஜூலியன் ஸ்டான்லி தொடங்கிய நீண்டகால ஆய்வு, கல்லூரி நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதியை 12, 13 வயதுச் சிறாருக்கு வைத்து, அவர்களுள் சிறந்தவர்களை உயர்நிலைப் பாடங்களுக்கு விரைந்து அனுப்புவதை ஆதரித்தது. தகுதியறிந்து முன்னேற்றப்பட்ட மாணவர்கள் பொதுவாகக் கல்வியிலோ மனநலனிலோ பாதிக்கப்படுவதில்லை என்பதை அவ்வாய்வும் அதையொட்டிய பிற ஆய்வுகளும் காட்டின. ஆகவே விரைவுபடுத்தலை முற்றிலும் மறுப்பதற்கு இடமில்லை. ஆனால் பத்தாம் வகுப்பின் வழக்கமான பயிற்சிகளை எட்டாம் வகுப்பில் செய்யவைப்பது, சலிப்பைச் சில மாதங்களுக்கு ஒத்திவைக்குமே தவிர நீக்காது. மாணவரைத் தடுத்து நிறுத்திச் சிந்திக்கவைக்கும் கணக்கு எந்த வகுப்புப் பாடத்தில் கிடைத்தாலும் அதுவே அவருக்குரிய பாடம்.

தமிழகத்தின் ஸ்ரீனிவாச ராமானுஜனின் பள்ளி, கல்லூரி வாழ்க்கை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. கும்பகோணத்தில் மாணவராக இருந்தபோது அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூல், ஏறத்தாழ 5,000 முடிவுகளைப் பெரும்பாலும் நிரூபணமின்றிக் கொண்டது. நிரூபணம் இல்லாத குறையே அவருக்குத் தொடர்ச்சியான சவாலாக அமைந்தது; ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்த்து அவற்றைக் கடந்தும் சென்றார். ஆனால் அச்சவாலைப் பகிர்ந்துகொள்ளும் துணையோ, எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்கும் ஆசிரியரோ அவருக்கு அப்போது வாய்க்கவில்லை. பிற பாடங்களில் தவறியதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்ச்சி பெறவில்லை. நல்ல கணக்கு ஒருவரைக் கணிதராக்கத் தொடங்கலாம். அதைப் படிக்கும் ஆள் இல்லாவிட்டால் எத்தனை பெரிய திறமையும் நெடுங்காலம் தனிமையில் அலைய நேரும்.

ஒரு வகுப்பு, ஒரு கணக்கு

நாற்பது பேர் கொண்ட சாதாரண வகுப்பில் இக்கொள்கைகளை எவ்வாறு செயல்படுத்துவது என்பது நியாயமான கேள்வி. அதற்கு விடையாக ஒரு கணக்கை விரிவாகப் பார்க்கலாம். எந்தெந்த இயல் எண்களை, இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ ஆன அடுத்தடுத்த இயல் எண்களின் கூட்டலாக எழுத முடியும்? ஆறாம் வகுப்பு மாணவர் எவரும் இதைத் தொடங்கலாம். 3 என்பது 1+2. 6 என்பது 1+2+3. 9-ஐ 4+5 எனவும் 2+3+4 எனவும் இரு வழிகளில் எழுதலாம். கூட்டல் பயிற்சி தேவைப்படும் மாணவருக்கு அப்பயிற்சி இதிலேயே கிடைக்கிறது. ஒற்றை எண்கள் எல்லாவற்றையும், 1-ஐத் தவிர, இரண்டு எண்களின் கூட்டலாக எழுதலாம் என்பதை வகுப்பில் பலர் கண்டுகொள்வர். 30 வரை பட்டியலிட்டால் 1, 2, 4, 8, 16 ஆகியவை மட்டும் அகப்படாமல் நிற்பதைச் சிலர் கவனிப்பர்.

மீத்திறன் மாணவருக்கான பாடம் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டின் அடுக்குகள் ஏன் அகப்படவில்லை என்ற கேள்விக்குப் பட்டியல் விடை தராது, நிரூபணம் வேண்டும். அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகையை இருமடங்காக்கினால் கிடைப்பது, உறுப்புகளின் எண்ணிக்கையை முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் சேர்ந்த தொகையால் பெருக்கிய பலன். அவ்விரு காரணிகளில் ஒன்று ஒற்றையாகவும் மற்றது இரட்டையாகவும் இருந்தே ஆக வேண்டும். இரண்டும் 1-ஐவிடப் பெரியவை. எனவே அப்பெருக்கற்பலனுக்கு 1-ஐவிடப் பெரிய ஓர் ஒற்றைக் காரணி உண்டு. இரண்டின் அடுக்குகளுக்கோ அத்தகைய காரணி கிடையாது. இதைக் கண்ட மாணவரிடம், சிந்தனையைத் தலைகீழாகத் திருப்பி, அத்தகைய ஒற்றைக் காரணி உள்ள எண் ஒவ்வொன்றையும் இவ்வாறு எழுத முடியுமா என்று கேட்கலாம். அதன்பின், ஓர் எண்ணை எத்தனை வழிகளில் எழுதலாம் என்று கேட்கலாம். 15-ஐ 7+8, 4+5+6, 1+2+3+4+5 என மூன்று வழிகளில் எழுத முடிகிறது. 15-க்கு 1-ஐத் தவிர 3, 5, 15 என மூன்று ஒற்றை வகுத்திகள் இருக்கின்றன. இந்த ஒற்றுமை எப்போதும் நிலைக்கும் என்பதை ஊகிப்பதும் நிறுவுவதும் மேல்நிலை மாணவரையும் சில நாட்கள் ஈடுபடுத்தக் கூடியவை. ஒரே கணக்கு, ஒரே வகுப்பு. யாரையும் வெளியே அனுப்பாமலும் யாரையும் காக்கவைக்காமலும் பாடம் நடக்கிறது. மேலும், ஆசிரியர் முன்பின் அறியாத திறமையொன்று வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து வெளிப்படவும் இத்தகைய கணக்கு வாய்ப்பளிக்கிறது.

தவிர்க்க வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் சில நடைமுறைகள் தீங்கு விளைவிக்கின்றன. பத்துக் கணக்குகளை விரைந்து முடித்தவருக்கு அதே வகையில் இன்னும் இருபது கணக்குகள் தருவது, திறமைக்கு விதிக்கப்படும் தண்டனையாக முடிகிறது; புத்திசாலியான மாணவர் அடுத்த நாளிலிருந்து மெதுவாகச் செய்யக் கற்றுக்கொள்வார். பின்தங்கிய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவரிடம் எப்போதாவது ஒப்படைப்பது இருவருக்கும் நன்மை தரும். அதையே அன்றாட ஏற்பாடாக்கினால், அவருடைய சொந்தக் கல்வி நின்றுபோகிறது. ஆசிரியர் கற்பித்த வழியில் செய்யாத சரியான தீர்வுக்கு மதிப்பெண் மறுப்பது எல்லாவற்றிலும் கொடியது. க்ருதெத்ஸ்கி மீத்திறனின் அடையாளமாகக் கண்ட நெகிழ்வான சிந்தனையை அது வேரோடு அறுக்கிறது.

வாரத்திற்கு ஒரு கணக்கை வகுப்புப் பலகையில் எழுதிவைத்து, அதற்கு ஒரு வாரம் கழித்தே தீர்வைக் கேட்பது, இரண்டாவது வழியில் தீர்த்தவருக்கும், கணக்கைப் பொதுமைப்படுத்திப் புதிய வினா எழுப்பியவருக்கும் வெளிப்படையாகப் பாராட்டு அளிப்பது, தவறான ஊகத்தையும் மதித்து, அது எங்கே உடைகிறது என்று வகுப்பே சேர்ந்து தேடுவது ஆகியவற்றுக்குப் பணமோ கருவியோ தேவையில்லை. கணக்கின் முழு விடையும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தமக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு மாணவரோடு சேர்ந்து தேடும் ஆசிரியரிடமிருந்து, கணிதர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதை மாணவர் நேரடியாகக் கற்கிறார்.

தமிழகத்திற்கும் இந்த மரபு அந்நியமானதன்று. சென்னையை மையமாகக் கொண்டு 1965-இல் தொடங்கப்பட்ட இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் மாணவர்களுக்கான திறனறிப் போட்டிகளையும் இதழ்களையும் நடத்திவருகிறது. சென்னைப் பள்ளி ஆசிரியராக இருந்த பி. கே. ஸ்ரீனிவாசன், காகித மடிப்பு முதல் எண் அமைப்புகள் வரை எளிய பொருள்களைக் கொண்டு மாணவர்களையே கண்டுபிடிப்பாளர்களாக்க வாழ்நாள் முழுவதும் உழைத்தார். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை நிறுவியவரும் அவரே. 1989 முதல் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடில் இந்தியா பங்கேற்று வருகிறது. எனினும் போட்டிகள் ஏற்கெனவே வெளிப்பட்ட திறமையைத் தேர்ந்தெடுக்கின்றன. திறமை வெளிப்படும் இடம் அன்றாட வகுப்பறை. ஹங்கேரியின் மரபு ஒரு பள்ளி ஆசிரியர் தொடங்கிய சிற்றிதழிலிருந்தே வளர்ந்தது. தமிழில் எழுதப்பட்ட சில நல்ல கணக்குகளை மாதந்தோறும் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் அனுப்பி, மாணவர்களின் தீர்வுகளைப் பெற்று, படித்து, பதில் எழுதி, சிறந்தவற்றைப் பெயரோடு வெளியிடும் ஓர் ஏற்பாட்டை மாவட்ட அளவில் ஆசிரியர்களும் கல்லூரிக் கணிதத் துறைகளும் இணைந்து தொடங்க முடியும். அதைத் தொடங்குவதே இன்றைய கணித ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பணி.